செவிக்குணவு: ஆறு தந்தியில் அயர்லாந்தின் மெட்டுகள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கித்தார் பயிலும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க, கூடத்தில் அமர்ந்துள்ள பெரியோர், ‘வீணையாவது கற்றிருக்கலாமே!’ என்று பெருமூச்செறிவது பல இல்லங்களிலும் உள்ளதே. கித்தார் என்றவுடன் மின்விசையால் அதிரும் மேடையும் ஆரவாரமுமே நம்மவர் பலர்க்கு நினைவில் எழுகின்றன. ஆனால், அக்கருவிக்கு மிகவும் அடக்கமான வேறொரு முகம் உண்டு. மின்விசை இல்லை, பக்கவாத்தியம் இல்லை, பாட்டுக்குச் சொல்லும் இல்லை. ஒருவர், ஒரு மரப்பெட்டி, ஆறு எஃகுத் தந்திகள், இரண்டு கைகள். அவ்வளவில் அயர்லாந்தின் பழைய மெட்டொன்று மெல்ல எழுந்து, தேய்ந்து, அடங்கும். இத்திங்கள் அவ்விசையை எவ்வாறு கேட்டுச் சுவைப்பது என்பதைக் காண்போம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், மான் தீவு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால், பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரித்தானி ஆகிய நிலங்களின் பழமொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தைக் கெல்டிக் என்பர். அந்நிலங்களின் இசைக்கும் அப்பெயரே வழங்குகிறது. அவ்விசையில் இரு பெரும் பிரிவுகளைக் கேட்பவர் எளிதில் உணரலாம். ஒன்று ஆட்டத்துக்கு உரியது. ஜிக், ரீல் என்னும் வகைகள் துள்ளும் தாளத்தோடு ஓடுவன. மற்றொன்று ‘ஏர்’ எனப்படும் மெல்லிசை மெட்டு. இதற்குப் பெரும்பாலும் வேர் பாட்டிலேயே உள்ளது. அயர்லாந்தில் ‘ஷான் நோஸ்’ என்றொரு பாடும் முறை உண்டு. ‘பழைய வழக்கு’ என்பது அதன் பொருள். பாடுவோர் கருவி எதன் துணையுமின்றித் தனியே பாடுவர். தாளக்கட்டு இறுக்கமாக இராது. சொல்லின் பொருளும் பாடுவோரின் மூச்சுமே காலத்தை அளக்கும். கேட்போர் அசையாது அமர்ந்திருந்து, அடி முடியும் இடத்தில் ஊக்கமொழி ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்வர். நம் கச்சேரிகளில் எழும் ‘பலே’யும் ‘சபாஷ்’உம் அதற்கு உறவு எனலாம்.

இத்தகைய மெட்டைக் கித்தாரில் வாசிக்கும்பொழுது தொல்லை ஒன்று நேர்கிறது. குரலால் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தலாம். குழலாலும் இயலும், பிடிலின் வில்லும் அதனைச் செய்யும், அயர்லாந்தின் துருத்திக் குழலுக்கோ நீட்டுவதே இயல்பு. கித்தாரின் நாதம் பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. மெட்டு மெதுவாகச் செல்லச் செல்ல, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே வெற்றிடம் பெருகுகிறது. நீளக் கேட்க வேண்டிய பாட்டை நீட்ட இயலாத கருவியில் வாசிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கலை. அவ்விடையில் பாதி வாசிப்பவர் கையில் உள்ளது. மறுபாதி கேட்பவர் செவியில் உள்ளது என்பதே நாம் இங்கு சொல்ல விழைவது.

இது புதிய வினாவும் அன்று. கித்தார் அயர்லாந்தின் பழங்கருவி அன்று. அந்நாட்டு நாட்டுப்புற இசையில் அது வேரூன்றியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான். ஆனால், தந்தியை விரலால் மீட்டும் மரபு அங்கே மிகத் தொன்மையானது. அந்நாட்டு அரசுச் சின்னமே ‘ஹார்ப்’ என்னும் யாழ்தான். டப்ளின் நகரின் டிரினிடிக் கல்லூரியில் இடைக்காலத்து யாழ் ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. சின்னத்துக்கு முன்மாதிரி அதுவே. பழைய ஐரிஷ் யாழுக்குக் குடல் நரம்பு கட்டுவதில்லை. உலோகத் தந்தியே கட்டினர். அதனை வளர்த்த நகங்களால் மீட்டினர். மணியோசை போல் நாதம் நெடிது ஒலிக்கும். அது நெடிது ஒலிப்பதனாலேயே, வேண்டாத தந்தியை விரலால் தொட்டு அடக்கும் வித்தையும் யாழோர்க்குக் கட்டாயமாயிற்று.

அம்மரபின் கடைக்காலத்துப் பெரும்புலவர் டர்லோ ஓ கரோலன் (1670–1738). மீத் மாவட்டத்தில் பிறந்தவர். ஏறத்தாழ 18 வயதில் பெரியம்மையால் கண்ணொளி இழந்தார். அவர் குடும்பத்தை ஆதரித்து வந்த மெக்டெர்மட் ரோ இல்லத்து அம்மையார் அவருக்கு யாழ் கற்பிக்க ஏற்பாடு செய்து, குதிரையும் வழித்துணையாக ஓர் ஆளும் தந்து அனுப்பினார். அன்று தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று, தம்மை வரவேற்ற இல்லத்தார் பெயரில் மெட்டுகள் புனைந்தார் கரோலன். இருநூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. ‘ஷீ வெக், ஷீ வோர்’ என்பதை அவருடைய முதற்படைப்பு என்பர். தேவகணங்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் சிறு குன்று, பெருங்குன்று இரண்டையும் குறிக்கும் பெயர் அது. கித்தாரில் கெல்டிக் மெட்டுப் பயில்வோர் பலர்க்கு முதற்பாடமும் அதுவே. இறுதிக்காலம் நெருங்கியபோது கரோலன் அதே அம்மையாரின் இல்லத்துக்குத் திரும்பி, அங்கேயே உயிர் நீத்தார். முதல் யாழைத் தந்த கையே கடைசி யாழோசையையும் கேட்டது.

கரோலன் மறைந்து அரை நூற்றாண்டுக்குள் யாழோர் மரபு அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1792-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெல்பாஸ்ட் நகரப் பெருமக்கள் சிலர், எஞ்சியிருந்த யாழோரை ஒருங்கே அழைத்து விழா எடுத்தனர். நாடு முழுவதிலுமிருந்து வந்து சேர்ந்த ஐரிஷ் யாழோர் பதின்மர் மட்டுமே. பலர் முதியோர், பலர் பார்வையற்றோர். அவருள் தொண்ணூறு வயது கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே நீண்ட நகங்களால் பழைய முறைப்படி தந்தியை மீட்டினார். அங்கே கேட்டு எழுதுவதற்கென அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்டிங் என்னும் 19 வயது இளைஞர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். நான்கு நாள் எழுதினார். அந்நான்கு நாள் அவர் வாழ்வையே மாற்றிவிட்டது. பின்னர் ஊர்கள் தோறும் சென்று மேலும் திரட்டி, 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

பன்டிங் செய்தது பேருதவி. எனினும் அது முழுமையானதன்று. அவர் அந்த மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்பத் திருத்தியே அச்சிட்டார். எந்த விரல் எந்தத் தந்தியை மீட்டியது, எந்த நாதம் ஒலிக்க விடப்பட்டது, எது அடக்கப்பட்டது என்பன அச்சில் ஏறவில்லை. அவருடைய கைக்குறிப்பேடுகள் பெல்பாஸ்டிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. பழைய யாழிசையை மீட்க முயல்வோர் இன்று அச்சுநூலை விடுத்து அக்குறிப்பேடுகளையே நாடுகின்றனர். தமிழராகிய நமக்கும் யாழ் இருந்தது என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. அதனைக் கேட்டு எழுதிவைத்த பன்டிங் ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. ஆதலால் விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியான தம் ‘யாழ் நூ’லுக்காகச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவித் துருவிக் கணக்கிட வேண்டியதாயிற்று.

இனிக் கித்தாருக்கு வருவோம். வழக்கமாகக் கித்தாரின் ஆறு தந்திகளை ஆங்கில எழுத்துகளால் இ, ஏ, டி, ஜி, பி, இ எனச் சுருதி கூட்டுவர். 1960-களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் நகருக்குச் சென்றார். ஊத் என்னும் அரபுக் கருவியின் இசை அவரைக் கவர்ந்தது. அதனோடு இயைந்து வாசிக்கத் தம் கித்தாரின் தந்திகளை மாற்றிச் சுருதி கூட்டினார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்பது அப்புதிய அமைப்பு. ‘டி’யை நம் சட்சமாகக் கொண்டால் இது ச, ப, ச, ம, ப, ச ஆகும். தம்புராவின் சட்சமமும் பஞ்சமமும் ஆறு தந்திகளுள் ஐந்தைப் பற்றிக்கொள்ள, எஞ்சிய ஒன்றில் மத்தியமம் நிற்கிறது. காந்தாரம் எங்கும் இல்லை. மேலைநாட்டு இசையில் இன்பச் சாயலா, துன்பச் சாயலா என்பதைத் தீர்மானிப்பது காந்தாரமே. அது தந்தியில் கட்டப்படாமையால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பழைய ஐரிஷ் மெட்டுகள் இவ்வமைப்பில் இயல்பாக அமர்ந்துகொண்டன. கிரஹாமே அயர்லாந்தின் பழம்பாட்டு மெட்டொன்றை இதில் வாசித்து வழிகாட்டினார். 1968-இல் வெளியான அவருடைய இசைத்தட்டு ஒன்றில் ‘ராகம்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய உருப்படிகள் இரண்டு உண்டு என்பதும் நாம் அறியத்தக்கது.

அவர் திறந்த வழியில் பலர் நடந்தனர். ஜான் ரென்போர்ன் (1944–2015) 1976-இல் வெளியிட்ட ‘தி ஹெர்மிட்’ என்னும் இசைத்தட்டில் கரோலனின் யாழ் மெட்டுகளைக் கித்தாருக்கு அமைத்து வாசித்தார். அல்ஜீரியாவின் ஓரான் நகரில் 1957-இல் பிறந்து பிரான்சில் வளர்ந்த பியர் பென்சுசான், ச ப ச ம ப ச அமைப்பையே தம் தாய்மொழி போல் ஆக்கிக்கொண்டவர். ஸ்காட்லாந்தில் பிறந்த டோனி மெக்மேனஸ், குழலோரும் பிடிலோரும் செய்யும் நுண்ணிய அசைவுகளைக் கித்தாரில் கொணர்ந்தவர். இவர்கள் ‘பிக்’ எனப்படும் சிறு தகட்டை விடுத்து விரல்களாலும் நகங்களாலும் மீட்டுவோர். ஹெம்ப்சனின் நகம் ஓய்ந்து நெடுங்காலம் சென்றபின், உலோகத் தந்தியின்மேல் மீண்டும் நகம் பட்டது.

கேட்பவர் கவனிக்கத் தக்கவை மூன்று என்போம்.

முதலாவது, மூச்சு. தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டு இம்மெட்டுகளைக் கேட்டல் பயன் தராது. பாடுவோர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே நல்ல கலைஞர் நிற்பார். எச்சொல்லை நீட்டுவாரோ அச்சுரத்தில் தங்குவார். ஆதலாலேயே, மெட்டை வாசிக்குமுன் அதன் பாட்டைக் கற்றுக்கொள் என்று அந்நாட்டு மரபறிந்தோர் வற்புறுத்துவர். சாகித்தியம் அறியாது கீர்த்தனம் வாசிப்பது எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, அசைவு. நம் கமகத்தைப் போல் சுரத்தை நெடிது அசைத்துச் செல்லுதல் இங்கே அரிது. சுரத்தின் வாயிலில் நொடிப்பொழுது வேறொரு சுரம் எட்டிப்பார்த்து மறையும். வலக்கை ஒருமுறை மீட்டிய தந்தியில் இடக்கை விரல் விழுந்தும் விலகியும் அதனை உண்டாக்கும். செவி பழகுமுன் இதனைப் பிழையொலி என்றே நினைக்கத் தோன்றும். இரண்டாம் முறை கேட்கும்பொழுது, மெட்டின் உயிரே அதில் இருப்பது புலனாகும்.

மூன்றாவது, தேய்வு. இதுவே முதன்மையானது. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பிடில் கலைஞர் நீல் கோ (1727–1807) தம் இரண்டாம் மனைவி இறந்தபோது புனைந்த இரங்கல் மெட்டைக் கித்தார்க் கலைஞர் பலர் விரும்பி வாசிப்பர். பிடிலில் அதன் நெடுஞ்சுரங்கள் அழுகுரல் போல் நீள்கின்றன. கித்தாரில் நீளுதல் இல்லை. சுரம் ஒலிக்கிறது, தேய்கிறது, அடியில் சட்சமும் பஞ்சமமும் மெல்லென நிற்கின்றன. அத்தேய்வின் கடைசி இழையைப் பற்றிக்கொண்டு அடுத்த சுரம் வரும்வரை மெட்டைத் தாங்கி நிற்பது கேட்பவர் மனமே. பிடில் தானே அழுது காட்டுகிறது. கித்தாரோ நம்மிடம் துயரை ஒப்படைத்துவிட்டுப் பேசாதிருக்கிறது. இதனைக் கூட்டத்தின் நடுவே, வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் கேளாது. விளக்கைத் தணித்து, கைப்பேசியிலேனும் ஒருமுறை தனித்துக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

இவ்விசையை மறுப்போரும் உண்டு. அவர் வாதத்தை மறைப்பது நேர்மையன்று. தனிக்குரலில் பிறந்த மெட்டுக்கு அடியில் வேறு சுரங்களைக் கூட்டி ஒலிப்பது, ஓடும் ஆற்றுக்குக் கரை கட்டுவது போன்றது என்பர் அவர். பாடுவோர் ஒரு சுரத்தைச் சற்றே தாழ்த்தியோ உயர்த்தியோ இடைநிலையில் நிறுத்தலாம். கித்தாரின் பிடிப்பலகையில் பதித்த உலோகக் கோடுகள் அந்த உரிமையைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. மிகையாக இனிமை பூசி, உணவு விடுதியின் பின்னணி ஒலியாக இம்மெட்டுகளை ஆக்கிவிட்டோரும் உளர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நாம் கேட்டவற்றுள் சிறந்தன யாவும், கூட்டியதைக் காட்டிலும் விட்டதனால் சிறந்தனவே. மெட்டு தனியே நடக்க வேண்டிய இடத்தில் அதனைத் தனியே நடக்க விடும் துணிவு இருப்பின், கித்தார் அந்நியக் கருவி என்னும் குறை தோன்றாது.

இம்மெட்டுகள் நம் செவிவரை வந்த வழியை எண்ணிப் பார்ப்பின் உண்மை ஒன்று விளங்கும். புனைந்தோரால் மட்டும் இவை வாழவில்லை, கேட்டோரால் வாழ்ந்தன. உலகறிந்த ‘லண்டன்டெரி ஏர்’ என்னும் மெட்டையே கொள்வோம். வட அயர்லாந்தின் லிமவாடி என்னும் சிற்றூரில் ஜேன் ராஸ் என்னும் பெண்மணி அதனைக் கேட்டு எழுதி, ஜார்ஜ் பெட்ரி என்னும் அறிஞருக்கு அனுப்பினார். 1855-இல் பெட்ரியின் தொகுப்பில் அது பெயரற்ற மெட்டாகவே அச்சேறியது; வாசித்தவர் பெயரும் நூலில் இல்லை. பின்னர் இங்கிலாந்து வழக்கறிஞர் ஒருவர் எழுதிய சொற்களோடு இணைந்து, 1913-இல் ‘டேனி பாய்’ எனப் பாட்டாகி உலகைச் சுற்றியது. லிமவாடியில் அன்று ஒரு செவி திறந்திராவிடில் அம்மெட்டு காற்றோடு போயிருக்கும்.

நம்மைப் போல் ஊர் விட்டு வந்தோர்க்கு இன்னும் அணுக்கமானது பிரான்சிஸ் ஓ நீலின் வரலாறு. கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்தார். பல இலட்சம் பேரைப் பலிகொண்டு, அதற்குக் குறையாத தொகையினரைக் கடல் கடக்கச் செய்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் காலம் அது. இளமையிலேயே கப்பலேறிய அவர், முடிவில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் காவலராய்ச் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்நகரக் காவல்துறையின் தலைவராகவே விளங்கினார். பகலில் காவல், ஓய்வில் இசை. பிறந்த ஊரில் கேட்ட மெட்டுகள் அவர் நினைவில் இருந்தன. ஆனால், சுரப்படுத்தி எழுத அவருக்குத் தெரியாது. அவர் இசைத்துக் காட்ட, உறவினர் அல்லராயினும் அதே குடிப்பெயர் தாங்கிய ஜேம்ஸ் ஓ நீல் என்னும் மற்றொரு காவலர் எழுதிக்கொண்டார். அந்நகரில் குடியேறியிருந்த அயர்லாந்தின் ஒவ்வொரு மூலையைச் சேர்ந்தோரிடமும் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். 1903-இல் வெளிவந்த நூலில் 1,850 மெட்டுகள், அவற்றுள் 625 ஏர் வகையின, கரோலனுடையவை 75. சிகாகோவில் அச்சான அந்நூல் அயர்லாந்துக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள இசைவாணர்க்கே மூலநூலாயிற்று. ஊரில் இருந்தவர்க்கு எளிதாகக் கிடைத்ததால் பொருட்படுத்தப்படாதவை, ஊரைப் பிரிந்தவர்க்கு அரும்பொருளாயின. இன்று கித்தாரில் நாம் கேட்கும் மெட்டுகள் பலவும் அந்நூலின் ஏடுகளில் உள்ளவையே.

ஆதலின் அன்பர்களே, இவ்விசையைச் சுவைத்தல் பொழுதுபோக்கு மட்டும் அன்று. செவிக்கு ஒரு பயிற்சியுமாகும். தேயும் நாதத்தை மனத்தில் தாங்கப் பழகிய செவி, தேய்ந்து வரும் பிறவற்றையும் கேட்கத் தொடங்கும். நம் சங்கத்து இல்லங்களில் தஞ்சையின் நலங்குப் பாட்டும், நெல்லையின் கும்மியும், கொங்கு நாட்டின் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் இன்னும் உள்ளனர். அவர்தம் பேரர் கையில் கித்தாரும் உள்ளது; ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசியும் உள்ளது. பன்டிங்குக்கு வாய்த்தவை ஓர் எழுதுகோலும் நான்கு நாளுமே. நமக்கு வாய்த்தவை அதனினும் மிகுதி. நாள்கள் எத்தனை என்பதுதான் நம் கையில் இல்லை. வரும் விடுமுறை நாளில் ஒரு பாட்டையேனும், பாடுவோர் பெயரும் ஊரும் சேர்த்துப் பதிவு செய்து வைப்பீராக.